தெருவிழாக் கணக்கை வைத்து மன்னர் பற்றை அளக்காதீர்கள்: பிரிட்டன் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: லண்டனில் பண்பாடு, ஊடகம், விளையாட்டுத் துறையில் அரச விழாக்களைத் திட்டமிடும் அதிகாரிகள், இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கவுன்சில்களின் சாலைப் பிரிவினரும் உரிமப் பிரிவினரும்.

வணக்கம்.

அரச விழா ஒன்று நெருங்கினால் செய்தித்தாள்களில் ஒரு கணக்கு வந்துவிடுகிறது: அயலார் சேர்ந்து தெருவில் மேசை போட்டு வைக்கும் விருந்துக்காக எந்த ஊரில் எத்தனை தெருக்கள் மூடப்படுகின்றன என்பது. 2011 ஏப்ரல் 29 அன்று இளவரசர் வில்லியமின் திருமணம் நடந்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 5,500 தெருக்களை மூட விண்ணப்பங்கள் வந்தன. லண்டனில் மட்டும் 850 அளவில். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒன்றுகூட வரவில்லை என்று அப்போது செய்தி வெளியானது. அதோடு தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது: தென் இங்கிலாந்துக்கு மன்னர் குடும்பத்தின் மேல் ஆசை, ஸ்காட்லாந்துக்கு வெறுப்பு.

ஊருக்கு ஊர் ஆர்வம் வேறுபடுகிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அந்த வேறுபாட்டுக்கு ஆழமான வரலாறு உண்டு, அதைக் கீழே சொல்கிறோம். ஆனால் மூடப்பட்ட தெருக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் காட்டுவது, அந்த ஊரில் தெருவை மூடுவது எவ்வளவு எளிது என்பதைத்தான். இந்த எண்ணை நம்பி அடுத்த விழாவைத் திட்டமிடும்போது இரண்டு தவறுகள் ஒன்றாக நடக்கின்றன. கொண்டாட விரும்புகிறவர்களின் வழியில் படிவங்கள் குறுக்கே நிற்கின்றன. விரும்பாதவர்களின் தெருவில் லண்டனில் தைத்த கொடி வந்து தொங்குகிறது.

முதலில் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி அமைப்புகளான கவுன்சில்கள் பல தெருவிழாவுக்கு இன்றும் பயன்படுத்துவது 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் விதிச் சட்டம், பிரிவு 21. பழைய சட்டம்தான், ஆனால் இந்த வேலைக்குப் பொருத்தமானது. செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு படிவம், தெருவின் வரைபடம், அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டோம் என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு வேலை முடிகிறது. அதே இங்கிலாந்தில் வேறு சில கவுன்சில்கள் 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தின் 16ஏ பிரிவை எடுத்துக்கொள்கின்றன. அது பெரிய நிகழ்ச்சிகளை மனதில் வைத்து 1994இல் சேர்க்கப்பட்டது. அதன்படி மூன்று நாளுக்கு மேல் மூட முடியாது, ஒரே தெருத்துண்டை ஓர் ஆண்டில் இரண்டாம் முறை மூட அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். நாற்பது வீட்டுத் தெருவில் ஒரு மதிய விருந்துக்கு இதை இழுத்துவந்தால் கட்டணமும் காத்திருப்பும் கூடுகின்றன. அடுத்தடுத்த இரு கவுன்சில் பகுதிகளில் ஒன்றில் பத்துத் தெருக்களும் மற்றதில் ஒரே ஒரு தெருவும் மூடப்பட்டிருந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் வாங்கினார்கள் என்பது.

ஸ்காட்லாந்துக்கு 1847ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் 1984ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சாலைகள் சட்டத்தின் 62ஆம் பிரிவு, அல்லது மேலே சொன்ன 16ஏ. அதோடு நிற்பதில்லை. 1982ஆம் ஆண்டுக் குடிமை நிர்வாகச் சட்டத்தின் கீழ் பொதுக் கேளிக்கை உரிமம் என்று ஒன்று இருக்கிறது. 2012 ஏப்ரல் வரை நுழைவுக் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சிகளுக்கே அது தேவைப்பட்டது. அதற்குப் பிறகு, கவுன்சில் அப்படித் தீர்மானித்திருந்தால், இலவச நிகழ்ச்சிக்கும் தேவை. மகாராணியின் வைர விழா அதே ஆண்டு ஜூனில் வந்தது. விதி மாறிய இரண்டே மாதத்தில், எந்தக் கவுன்சில் எதைக் கேட்கும் என்று தெளிவாகாத நிலையில், ஒரு சாதாரணக் குடியிருப்பாளர் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார் என்றால் அது குடியரசுக் கொள்கையால் அல்ல.

மதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்து குடித்தால் எந்த உரிமமும் வேண்டாம். விற்றால் மட்டும் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு: கட்டணம் 21 பவுண்ட், 499 பேர் வரை, பத்து வேலை நாளுக்கு முன் கொடுக்க வேண்டும், 18 வயது நிரம்பிய யாரும் கொடுக்கலாம். ஸ்காட்லாந்தில் இதற்கு இணையான தற்காலிக உரிமத்தின் கட்டணம் 10 பவுண்ட்தான், ஆனால் ஏற்கெனவே மது உரிமம் உள்ளவரோ தன்னார்வ அமைப்பின் பிரதிநிதியோ மட்டுமே விண்ணப்பிக்க முடியும். கிளாஸ்கோவில் பொது இடத்தில் மது அருந்துவதையே உள்ளூர் விதி தடுக்கிறது. தென் இங்கிலாந்தின் சர்ரேயில் மேசை மேல் வைக்கும் ஒயின் போத்தலைக் கிளாஸ்கோவில் வைப்பதற்கு முன் ஒருவர் விதியைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

வட அயர்லாந்தில் கவுன்சில்கள் நிகழ்ச்சிக்காகச் சாலையை மூடும் அதிகாரத்தைப் பெற்றதே 2017 செப்டம்பரில். பன்னிரண்டு வாரம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும், அந்தச் செலவு விண்ணப்பதாரர் தலையில் விழுகிறது. 2023 மே 7 ஞாயிறன்று முடிசூட்டு விருந்து வைக்க நினைத்த ஒரு தெரு பிப்ரவரி நடுப்பகுதிக்குள் படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் மே மாத விருந்துக்குக் கதவு தட்டிக் கையொப்பம் வாங்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

அடுத்தது, யாரும் கணக்கில் சேர்க்காத விஷயம்: வீடுகளின் அமைப்பு. தெருவிழா என்ற வழக்கம் 1919இல், முதல் உலகப் போர் முடிந்த சமாதான நாளைக் கொண்டாடத் தெருக்களில் குழந்தைகளுக்கு வைத்த தேநீர் விருந்துகளிலிருந்து பரவியது. 1935இலும் 1937இலும் அது மன்னர் விழாக்களுக்கு மாறியது, 1953இலும் 1977இலும் நாடெங்கும் நிலைத்தது. அது முழுக்க முழுக்க வரிசை வீடுகளின் வழக்கம். வாசற்கதவு நேரே நடைபாதையில் திறக்கும். சமையலறையிலிருந்து மேசை வரை இருபது அடி நடந்தால் போதும்.

எங்கள் கைக்கணக்கைத் தருகிறோம். அறுபது பேர் கொண்ட விருந்துக்கு 1.8 மீட்டர் நீள மடக்கு மேசைகள் பத்து வேண்டும், பக்கத்துக்கு மூவராக மேசைக்கு ஆறு பேர். வரிசை 18 மீட்டர். மூன்று மேசைக்கு ஒரு முறை 1.2 மீட்டர் இடைவெளி விட்டால் (சக்கர நாற்காலி குறுக்கே போக வழி வேண்டும்) ஏறத்தாழ 22 மீட்டர். வழக்கமான குடியிருப்புத் தெருவின் அகலம் 5.5 மீட்டர். மேசையை நடுத்தெருவில் போட்டு இருபுறமும் நாற்காலி வைத்தால் இரண்டு மீட்டர் போய்விடும். ஒரே பக்கமாகத் தள்ளினாலும் மிஞ்சுவது 3.5 மீட்டர். தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீட்டர் வேண்டும். அதனால் மேசையை நடைபாதை விளிம்பை ஒட்டிப் போட்டு ஒரு வரிசை நாற்காலியை நடைபாதை மேலேயே வைக்க வேண்டும். அந்தப் பக்கம் தரை பத்து சென்டிமீட்டர் உயரம் என்பதால் மேசை தாழ்வாகத் தெரியும். குழந்தைகளை அங்கே உட்காரவைத்தால் அதுவே வசதி. தெருவின் இரு முனையிலும் 'சாலை மூடப்பட்டது' பலகையும், ஒளிரும் சட்டையோடு ஒருவரும் எப்போதும் நிற்க வேண்டும். அவசரமாக ஒரு கார் வெளியே போனால் அவர் முன்னே நடக்க, கார் நடை வேகத்தில் பின்தொடர வேண்டும். பிரச்சினை பெரும்பாலும் மாலை நான்கு மணிக்குத்தான் வரும். முனையில் நின்றவர் கேக் வெட்டப் போயிருப்பார், தடுப்பை நகர்த்திவிட்டு ஒரு பொருள் கொண்டுவரும் வேன் உள்ளே நுழையும்.

தேநீர்க் கணக்கும் உண்டு. 20 லிட்டர் கொதிகலனில் நூறு கோப்பை வரும். அறுபது பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் ஒரு முறை மீண்டும் நிரப்ப வேண்டும். அந்தக் கொதிகலன் ஏறத்தாழ மூன்று கிலோவாட் இழுக்கும். தனி இணைப்பு வேண்டும். நீட்டிப்புக் கம்பியைச் சுருளோடு விட்டால் உள்ளே சூடேறி உருகும், முழுவதும் பிரித்துப் போட வேண்டும்.

இவை எல்லாம் வரிசை வீட்டுத் தெருவில் கூடிவரும். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் உள்ள நான்கு மாடிக் கல் அடுக்ககங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பொது வாசலுக்குள் எட்டு வீடுகள். நூறு மீட்டர் வரிசை வீட்டுத் தெருவில் நாற்பது குடும்பங்கள் இருந்தால், அதே நீள அடுக்ககத் தெருவில் நூறுக்கும் மேல் இருக்கலாம். எல்லோருக்கும் தெரிவிக்க ஒவ்வொரு வாசலிலும் அழைப்பு மணி அடித்து, யாராவது கதவைத் திறந்துவிடக் காத்திருக்க வேண்டும். மின்சாரத்தை மூன்றாம் மாடியிலிருந்து ஜன்னல் வழியாக இறக்க முடியாது. கீழ்த்தளத்தில் கடைகள், தெருவில் பேருந்து. பேருந்து போகும் சாலையை மூட எந்தக் கவுன்சிலும் எளிதில் ஒப்பாது.

அங்கே மக்கள் கூடும் இடம் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள பொதுமுற்றம். அது தெரு அல்ல, மூட வேண்டியதில்லை, படிவமும் இல்லை. படிவம் இல்லாததால் உங்கள் கணக்கிலும் இல்லை. வேல்ஸின் சிற்றூர்களில் ஊர் மண்டபத்திலும், ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் பள்ளி மைதானத்திலும் நடப்பவையும் இதே கதைதான்.

இனி உண்மையான மனநிலைக்கு வருவோம். வசதிக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்லி நழுவினால் அந்த மக்களை அவமதிப்பதாகும். கொண்டாடாமல் இருப்பதும் ஒரு கருத்து.

ஸ்காட்லாந்தில் முந்தைய மகாராணி 'இரண்டாம்' எலிசபெத் என்று அழைக்கப்பட்டதே தகராறு ஆனது, ஏனென்றால் முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆளவில்லை. எடின்பரோவின் இன்ச் பகுதியில் அந்த எண் பொறித்த அஞ்சல் பெட்டி 1952 நவம்பரில் வைக்கப்பட்டு, 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பிறகு ஸ்காட்லாந்தின் புதிய அஞ்சல் பெட்டிகளில் அந்த எழுத்துகளுக்குப் பதிலாக ஸ்காட்லாந்து மகுடமே வந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் அதே எடின்பரோவில், 2022 செப்டம்பரில் மகாராணியின் உடல் புனித ஜைல்ஸ் தேவாலயத்தில் வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 33,000 பேர் இரவெல்லாம் வரிசையில் நின்று வணங்கிச் சென்றார்கள். அடுத்த ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் மகுடமும் செங்கோலும் புதிய வாளும் மன்னர் சார்ல்ஸுக்கு அளிக்கப்பட்டபோது, அதே வீதியில் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் சேர்ந்தே நின்றார்கள். அரச குடும்பத்தின் பால்மோரல் மாளிகை இருக்கும் மண்ணில் இறந்த ஒரு மூதாட்டிக்கு மரியாதை செய்வதும், லண்டனில் முடிவான விழாவுக்குத் தோரணம் கட்டுவதும் அங்குள்ளவர்களுக்கு ஒன்றல்ல. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்கும் அதிகாரி அந்த ஊரைப் புரிந்துகொள்ளவில்லை.

வேல்ஸில் 1969 ஜூலை 1 அன்று கர்னார்வன் கோட்டையில் சார்ல்ஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டினார்கள். முந்தைய இரவு அபர்கெலேயில், தாங்கள் கொண்டுசென்ற குண்டு வெடித்து இரண்டு போராட்டக்காரர்கள் இறந்தார்கள். அந்த நினைவு இன்றும் வடமேற்கு வேல்ஸில் உயிரோடு இருக்கிறது. வில்லியமுக்கு அப்படி ஒரு விழா இப்போதைக்குத் திட்டத்தில் இல்லை என்று அரண்மனை சொன்னது நல்ல முடிவு. சின்ன விஷயம் ஒன்றும் இருக்கிறது: யூனியன் கொடியில் வேல்ஸின் சிவப்பு நாகம் இல்லை. அந்தக் கொடி மட்டும் கோத்த தோரணத்தைக் கார்டிஃபுக்கு அனுப்பினால் விழாவை விரும்பும் வேல்ஸ்காரரே முகம் சுளிப்பார். சாலை மூடிய பலகையிலும் 'ஃபோர்த் ஆர் காய்' என்று வேல்ஸ் மொழி இருக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து இரவல் வாங்கிய பலகை அங்கே உதவாது.

வட அயர்லாந்தில் பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்று இரு தரப்பு உண்டு; அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். நடைபாதை விளிம்புக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிய தெருவில் விருந்து தானாக நடக்கும், உங்கள் உதவி வேண்டாம். அடுத்த தெருவில் நடக்காது, உங்கள் ஊக்குவிப்பும் வேண்டாம். கவனம் தேவைப்படுவது இரு தரப்பும் கலந்து வாழும் தெருக்களுக்கு. 2012 ஜூனில் பெல்ஃபாஸ்டில் மகாராணியும், அயர்லாந்தோடு சேர விரும்பும் சின் ஃபெயின் கட்சியின் மார்ட்டின் மெக்கின்னஸும் கைகுலுக்கியதும், 2023 முடிசூட்டு விழாவுக்கு அதே கட்சியின் மிஷெல் ஓநீல் வந்ததும் மேலிருந்தவர்கள் காட்டிய பெருந்தன்மை. தெருவில் அதற்கு இணையானது, விருந்தை அயலார் விருந்தாக மட்டும் வைத்து, விளக்குக் கம்பங்களில் கொடி கட்டாமல், கட்டினால் அடுத்த நாளே அவிழ்ப்பதாக எழுதிக்கொள்வது. அந்த ஒரு வரியை விண்ணப்பப் படிவத்திலேயே சேர்க்கலாம்.

இங்கிலாந்துக்குள்ளேயே லிவர்பூலைப் பாருங்கள். 2023 மே 6 அன்று, முடிசூட்டு நாளிலேயே, ஆன்ஃபீல்டு கால்பந்து மைதானத்தில் தேசிய கீதத்தை ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். 1980களில் வேலையிழப்பாலும் லண்டன் அரசின் புறக்கணிப்பாலும் அந்த நகரம் பட்ட கசப்பு அதில் பேசுகிறது. பத்து நாள் முன்பு, ஏப்ரல் 26 அன்று, அதே நகரத்துக்குத்தான் மன்னர் வந்து யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் மேடையைத் திறந்துவைத்தார். நகரம் அந்தப் போட்டியைக் கொண்டாடித் தீர்த்தது. விழாவே பிடிக்காத ஊர் அல்ல அது.

லண்டனிலிருந்து எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் திட்டம் வார்ப்பதால் வரும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2022 ஜூன் 2 அன்று மகாராணி ஆட்சியின் எழுபதாம் ஆண்டான பிளாட்டினம் விழாவுக்கு நாடெங்கும் இரவு 9:45க்கு உயரமான இடங்களில் விழாத் தீ ஏற்ற வேண்டும் என்று நேரம் குறித்தீர்கள். லண்டனில் அன்று சூரியன் ஒன்பதே காலுக்கு முன்பே மறைந்து, 9:45க்கு நல்ல அந்தி. கிளாஸ்கோவில் அந்த நேரத்தில் சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஷெட்லாந்துத் தீவுகளில் மறையவே இன்னும் அரை மணி இருந்தது. பகல் வெளிச்சத்தில் தீ ஏற்றிவிட்டுத் தெற்கைப் போல வடக்கு மகிழவில்லை என்று எழுதுவது நியாயமா?

2023இல் இன்னொன்று. முடிசூட்டு விழா சனிக்கிழமை மே 6. இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல் வியாழன் மே 4, பல இடங்களில் வாக்கு எண்ணிக்கை வெள்ளி மே 5. சாலை மூடல் படிவங்களைப் பார்க்க வேண்டிய சிறிய கவுன்சில்களில் ஊழியர்கள் வாக்குப்பெட்டிகளோடு இருந்தார்கள். வட அயர்லாந்தில் மட்டும் தேர்தல் மே 18க்குத் தள்ளப்பட்டது. அங்கே முடிந்தது இங்கிலாந்தில் ஏன் முடியவில்லை என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை.

விடுமுறையும் அப்படித்தான். லண்டன் அறிவிக்கும் வங்கி விடுமுறை ஸ்காட்லாந்தில் எல்லோருக்கும் விடுமுறை ஆகிவிடாது. அங்கே உள்ளூர் விடுமுறைகளைக் கவுன்சில்களே தீர்மானிக்கின்றன. ஜூன் முதல் வாரம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இடைவிடுமுறையோடு ஒட்டி வருகிறது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு வாரம் இல்லை, ஜூன் கடைசியில் கோடை விடுமுறையே வந்துவிடும். குழந்தைகள் பள்ளியில் இருக்கும் நாளில் தெருவிழா நடக்காது.

லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் வரிசை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த விருந்துகளுக்கு வடையும் பிரியாணியும் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பலருக்கு மன்னர் ஆட்சி பற்றித் தனிக் கருத்து உண்டு. சிலருக்குப் பேரரசின் வரலாறு கசப்பானது. ஆனாலும் மேசைக்கு வருகிறார்கள், ஏனென்றால் அழைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். கொண்டாட்டத்தின் அளவை மன்னர் பற்றோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இவர்களும் ஒரு காரணம்.

எனவே எங்கள் கோரிக்கைகள். அடுத்த அரச விழாவின் தேதியையும் விடுமுறையையும் குறைந்தது ஆறு மாதம் முன் அறிவியுங்கள். வட அயர்லாந்தின் பன்னிரண்டு வாரக் கெடு அதற்குள் அடங்கும். வேல்ஸ், இங்கிலாந்துக் கவுன்சில்கள் சிறு தெருவிருந்துக்கு 1847ஆம் ஆண்டுச் சட்டத்தையே பயன்படுத்த வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது. ஸ்காட்லாந்துக் கவுன்சில்கள் இலவச அயலார் விருந்துகளைக் கேளிக்கை உரிமத்திலிருந்து விலக்கித் தீர்மானம் போட வேண்டும். வட அயர்லாந்தில் செய்தித்தாள் அறிவிப்புக்குப் பதிலாக வீடுதோறும் துண்டுத்தாள் போதும் என்று விதியைத் திருத்துங்கள். ஒளியேற்றும் நேரத்தை அந்தந்த ஊரின் சூரிய மறைவிலிருந்து கணக்கிடுங்கள். தேர்தல் வாரத்தில் விழா வைக்காதீர்கள்.

மூடிய தெருக்களின் எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்துங்கள். வெளியிட்டே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு கவுன்சில் பெயருக்கு எதிரிலும் எந்தச் சட்டம், என்ன கட்டணம், எத்தனை வாரக் கெடு என்ற மூன்று பத்திகளையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தெருவிருந்துகளை ஒழுங்குசெய்ய அயலாருக்கு உதவிவரும் பிரிட்டன் தமிழ்க் குடியிருப்பாளர்கள் சிலர்